வேதவதி போட்ட கையெழுத்து

தன்னுடைய கண்டுபிடிப்பைத் தன் கணவரே தனக்கு விளக்கிச் சொல்வதை, வேதவதி இட்லியைத் தட்டில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெபிள்னு ஒரு காயின் இருக்கு, வேதா. கையில பிடிக்கற காசில்லை, கம்ப்யூட்டர்லயே இருக்கற காசு. அதுக்கு பேங்க் கிடையாது, கவர்மென்ட் கிடையாது. உலகம் முழுக்க இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் சேர்ந்து கணக்கைப் பார்த்துக்கறது. புரியறதோ?”

“புரியறது. சட்னி போட்டுக்கோங்கோ.”

“இதுல பெரிய மர்மம் என்னன்னா, அதைக் கண்டுபிடிச்சவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வெஸ்டன் லோன்னு பேர் வெச்சுண்டு இன்டர்நெட்ல எழுதிண்டிருந்தான். ரெண்டு வருஷத்துல ஆளே காணாமப் போயிட்டான். வெள்ளைக்காராள்லாம் தேடு தேடுன்னு தேடினா. கடைசியில பார்த்தா அவன் நம்ம திருச்சிக்காரனாம்!”

வேதவதியின் கையிலிருந்த கரண்டி சட்னிக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

“யார் சொன்னா?”

“அவனே சொல்றான். டாக்டர் சிவசங்கர்னு பேர், சிங்கப்பூர்ல இருந்தவன். ஞாயித்துக்கிழமை காலம்பற தில்லை நகர்ல ஒரு ஹால்ல கூட்டம். பெபிளை விடப் பெரிசா புதுசா ஒண்ணு கொண்டு வரானாம், சொந்த ஊர்க்காராளுக்குத்தான் முதல் இடமாம். எங்க ஃபேக்டரியிலேர்ந்து பாதிப் பேர் போறா. என்னோட வேலை பார்க்கற ரஹீம் ரிட்டையர்மென்ட் பணத்தைப் போடலாமான்னு யோசிக்கறான். நானும்தான்.”

அனந்தபத்மநாபன் திருவெறும்பூர் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். வீட்டில் ஒரு ஸ்விட்ச் கெட்டுப்போனாலும் முதலில் அதன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சரிசெய்வார். அன்றும் பெபிளின் கதையைச் சொல்லி முடித்து, கை கழுவி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த வேதவதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெஸ்டன் லோ அவள்தான்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் வேதவதி. திருச்சியிலேயே கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒருமுறை, பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்காக அவள் தனியாக உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒரு வேலையை, அவளுடைய மேலாளர் தன் பெயர் போட்டுக் கூட்டத்தில் காட்டினார். கைதட்டல் அவருக்குப் போயிற்று. அவள் அதே அறையின் மூலையில் நின்று தானும் கை தட்டினாள். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்தபோது அந்த வேலையை விட்டதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. கணக்கை விட்டதில்தான் வருத்தம்.

பெண் காயத்ரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மத்தியான வேளைகள் அவளுக்குக் கிடைத்தன. கணினி நாணயங்கள் அப்போதுதான் உலகத்தில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அவற்றை இயக்க எருமை மாதிரி இயந்திரங்கள் வேண்டியிருந்தன. தன்னிடமிருக்கும் பழைய லேப்டாப்பிலேயே ஓடக்கூடிய ஒன்றை ஏன் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை விடாமல் பிடித்துக்கொண்டாள். சாதம் வடித்துவிட்டு எழுதுவாள், துணி உலர்த்திவிட்டு வந்து எழுதியதை அழிப்பாள். அது ஒருநாள் ஓடியே விட்டது.

அதை உலகத்துக்குக் கொடுக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. தன் பெயரைப் போட்டால் முதலில் பெயரைப் பார்ப்பார்கள், பிறகுதான் வேலையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். மாடியில் கிடந்த ஒரு பிரிண்டர் அட்டைப்பெட்டியில் அச்சாகியிருந்த இரண்டு சொற்களை எடுத்து ஒட்டினாள். வெஸ்டன் லோ பிறந்தான்.

அந்தப் பெயரில் அவள் வாழ்ந்த இரண்டு வருஷங்கள்போல் அவளுக்கு வாழ்க்கையில் வேறு வருஷங்கள் வாய்க்கவில்லை. ஓர் இணைய மன்றத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் அவளோடு சண்டை போட்டார்கள். அவள் பதில் சொன்னாள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சில சமயம் அவர்கள் சொன்னது சரியாக இருந்தது, அவள் ஒப்புக்கொண்டாள். யாரும் அவளை “மேடம்” என்று சொல்லி ஓரமாக உட்கார வைக்கவில்லை. பிறகு நாணயம் தன் காலில் நிற்கத் தொடங்கியது. பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார்கள். தன் பங்குக்குச் சேர்ந்திருந்த நாணயங்களையெல்லாம் எவராலும் எடுக்க முடியாத ஒரு முகவரிக்கு அனுப்பி ஒழித்துவிட்டு, அவள் எழுதுவதை நிறுத்தினாள். காசுக்காகச் செய்தான் என்று ஒருவரும் வெஸ்டன் லோவைச் சொல்லக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். இப்போது தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கணக்குப் பார்க்கிறாள்.

இதற்கு முன்பும் நான்தான் வெஸ்டன் லோ என்று இரண்டு மூன்று பேர் வெளிநாடுகளில் கிளம்பியிருக்கிறார்கள். அவள் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். ஆனால் இவன் அவள் ஊருக்கே வந்து, அவள் கணவரும் ரஹீமும் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்ததற்குக் கை நீட்டுகிறான். இதற்குச் சிரிக்க முடியவில்லை.

அவளிடம் ஒரு வழி இருந்தது. பெபிளைத் தொடங்கியவரிடம் ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு இல்லை, மிக நீளமான ஓர் எண். அதை வைத்து எந்த வாக்கியத்தின் கீழும் ஒரு கையெழுத்துப் போடலாம். அது அசல்தானா என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியும். போடுவதற்கு மட்டும் அந்தச் சாவி வேண்டும். அது பழைய லேப்டாப்பில் இருந்தது. பீரோவின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில்.

லேப்டாப் உயிர் பெறவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அதைச் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டோனியின் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனாள். டோனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இது மியூசியத்துக்குக் குடுக்க வேண்டியது. உள்ள என்ன இருக்கு, கல்யாண போட்டோவா?”

“அந்த மாதிரிதான். முக்கியமானது.”

“லேப்டாப் போனது போனதுதான். டிஸ்க் மட்டும் உயிரோட இருந்தா எடுத்துத் தரேன். நாளைக்கு வாங்க.”

டிஸ்க் உயிரோடு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென் டிரைவில் எல்லாம் வந்து சேர்ந்தது. காயத்ரி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் அதைச் செருகினாள். சாவி பூட்டியிருந்தது, பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு அவளுக்கு ஞாபகம் இருந்தது. காலேஜுக்குப் போன ஒன்றாம் நம்பர் பஸ் நிற்கும் இடங்கள், வரிசையாக, ஆங்கில எழுத்தில். அம்மா மண்டபம், மாம்பழச் சாலை, சத்திரம், மெயின்கார்டு கேட், பாலக்கரை. டைப் செய்தாள். தவறு என்றது. மறுபடி செய்தாள். தவறு. சாலைக்கு ஒரு எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள், மண்டபத்தில் ஒன்றைக் குறைத்துப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. தன் வீட்டுக்குள் போகத் தானே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை ஸ்கேன் சென்டருக்கு லீவு சொன்னாள். ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் காது கொடுத்துக் கேட்டாள். அம்மா மண்டபம் சரி, மாம்பழச் சாலை சரி. பஸ் காவிரியைத் தாண்டியது. சத்திரத்தில் பாதிக் கூட்டம் இறங்கிப் பாதிக் கூட்டம் ஏறியது. அடுத்த நிறுத்தம் வரும்போது கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

“மெயின்கார்கேட்லாம் எறங்கு! மெயின்கார்கேட்!”

வேதவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “டு” இல்லை. கண்டக்டர்கள் யாரும் அந்த “டு”வைச் சொல்வதே இல்லை. காலேஜில் படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து அதை அப்படியே சொல்லிச் சிரித்ததும், பிறகு பாஸ்வேர்டிலும் அப்படியே எழுதியதும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன. அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்து டைப் செய்தாள்.

பூட்டு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை உடுத்திக்கொண்டு, தோளில் லேப்டாப் பையோடு வந்து நின்றதைப் பார்த்து அனந்தபத்மநாபன் ஆச்சரியப்பட்டார்.

“நீ எங்க?”

“நானும் கூட்டத்துக்கு வரேன்.”

“உனக்கு போரடிக்குமே, வேதா.”

“அடிச்சா பக்கத்துலதானே ஸ்கேன் சென்டர், சாவி எங்கிட்டதான் இருக்கு. போய்ப் பாக்கி வேலையைப் பார்க்கறேன்.”

ஹால் நிரம்பியிருந்தது. தொழிற்சாலைக்காரர்கள், அரியமங்கலம் பட்டறை முதலாளிகள், கடைக்காரர்கள், மனைவியோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள். சிவசங்கர் கறுப்புச் சட்டையில் மேடைக்கு வந்தான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து காவிரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெபிள் தன் மனசில் உதித்தது என்றான். கூழாங்கல்லைப் பார்த்துத்தான் பெயர் வைத்தேன் என்றான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனந்தபத்மநாபன் பக்கத்திலிருந்த ரஹீமைத் தொடையில் தட்டினார்.

“கேள்வி இருந்தா கேளுங்க,” என்றான் சிவசங்கர்.

வேதவதி எழுந்து நின்றாள்.

“நீங்க வெஸ்டன் லோதான்னா, அந்த முதல் சாவியை வெச்சு ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டலாமே? எல்லாரும் சரிபார்த்துக்குவாங்களே.”

சிவசங்கர் இனிமையாகச் சிரித்தான். “அம்மா, அதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல். உங்களுக்குப் புரியற மாதிரி இன்னொரு நாள் சொல்றேன்.”

சிலர் சிரித்தார்கள். அனந்தபத்மநாபன் அவள் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தார். “உக்காரு, வேதா.”

“இந்த அம்மா கேக்கறது நியாயம்தாங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எழுந்தவர் அப்துல் மாலிக், ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர். “பழைய வாக்கியத்தைக் காட்டக் கூடாது. புதுசா ஒண்ணுக்குப் போடணும். இங்க இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு வாக்கியம் சொல்லட்டும். முன்கூட்டியே யாரும் தயார் பண்ண முடியாது.”

கூட்டம் சலசலத்தது. சிவசங்கர் ஒரு கணம் யோசித்தான். ஒப்புக்கொள்வதுதான் சுலபம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “கண்டிப்பா! சாவி பத்திரமா வெளிநாட்டுல இருக்கு. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள போட்டுடறேன். யாரு வாக்கியம் சொல்றீங்க?”

ரஹீம் கையைத் தூக்கினார். என்ன சொல்வது என்று அவர் யோசித்திருக்கவில்லை. மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

“நாளைக்காவது எங்க கேன்டீன் பொங்கல்ல முந்திரி இருக்கணும்!”

ஹால் அதிர்ந்தது. சிவசங்கரும் சிரித்துக்கொண்டே அதைப் பலகையில் எழுதினான். பிறகு, டீ குடித்துவிட்டு வந்து பேரைப் பதியலாம் என்று அறிவித்தான். எல்லோரும் டீ மேசையை நோக்கி நகர்ந்தார்கள். வேதவதி கூட்டத்தோடு கூட்டமாகப் படியிறங்கி, தெருவைக் கடந்து, ஸ்கேன் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தாள்.

தன் மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். வெஸ்டன் லோ பன்னிரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத அந்தப் பழைய இணைய மன்றத்துக்குள் நுழைந்தாள். ரஹீமின் வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதினாள். கையெழுத்திட விரல் விசைவரை போய்விட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டாள். இதை மட்டும் போட்டால் அந்த ஆள் நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடுவானே! அடியில் இன்னொரு வரி சேர்த்தாள். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு, அனுப்பினாள்.

ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஒரு டீயை வாங்கிக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் நின்றாள். டீ ஆறியிருந்தது. அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததே இல்லை.

அவள் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். “வந்துடுச்சு! வெஸ்டன் லோ எழுதியிருக்காரு! முந்திரி வந்துடுச்சு!”

நூறு கைகள் போனை எடுத்தன. மாலிக் தன் லேப்டாப்பை மடியில் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். மேடையில் நின்ற சிவசங்கரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. மறுகணம் பிரகாசமாயிற்று. இரண்டு கைகளையும் விரித்தான்.

“சாயந்திரம்னு சொன்னேன். நம்ம ஊர்க்காரங்களைக் காக்க வைக்க மனசு வரலை. டீ குடிக்கற நேரத்துல போட்டுட்டேன்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. அனந்தபத்மநாபன் வேதவதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இப்போதாவது நம்புகிறாயா என்று அர்த்தம். வேதவதியும் கை தட்டினாள், மிகவும் சந்தோஷமாக.

“கையெழுத்து அசல்!” என்று மாலிக் எழுந்தார். “நூத்துக்கு நூறு அசல். ஆனா இதுல ரெண்டு வரி இருக்கு. யாராவது ரெண்டாவது வரியைப் படிச்சீங்களா?”

ஹால் அமைதியாயிற்று. மாலிக் சத்தமாகப் படித்தார்.

“மேடையில் நிற்பவர் நான் இல்லை.”

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ரஹீம்தான் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சரிந்து சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. சிவசங்கர் ஹேக்கர் என்றான், சதி என்றான். எதையும் யாரும் கேட்கவில்லை. பேர் பதியப் போட்டிருந்த மேசையைப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் மடக்கிச் சுவரோரம் சாத்தினார்கள். சிவசங்கர் பின்வாசல் வழியாகக் காருக்கு ஓடினான். மதுரைக்காரர்களிடம் தன் சொந்த ஊர் மதுரை என்றும் சேலத்துக்காரர்களிடம் சேலம் என்றும் சொல்லிப் பணம் வாங்கியிருந்தான் என்பது பிறகு வெளியே வந்தது. அந்த வாரமே போலீஸில் மாட்டினான்.

ஆனால் ஹாலில் நடந்தது அத்தோடு முடியவில்லை. சிரிப்பு அடங்கும்போது மாலிக் மெதுவாகச் சொன்னார்.

“ஒண்ணு யோசிச்சீங்களா? அந்த வாக்கியம் இந்த ஹாலைத் தாண்டிப் போகவே இல்லை. அப்ப வெஸ்டன் லோ இங்கதான் இருக்காரு.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞனைப் பார்த்தார்கள். மாலிக்கையே பார்த்தார்கள். ரஹீமை ரொம்ப நேரம் பார்த்தார்கள். “அட போங்கப்பா, எனக்கு ஈமெயிலே எம் பொண்ணுதான் அனுப்புது!” என்று அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். மயில்கழுத்துச் சேலை மேல் எல்லார் கண்ணும் பட்டது. ஒருவர் கண்ணும் நிற்கவில்லை.

அதற்குள் உலகம் விழித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷ மௌனத்துக்குப் பிறகு வெஸ்டன் லோ பேசிய முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முந்திரி என்பது ரகசியக் குறிச்சொல் என்று ஒருவர் நீளமாக எழுதினார். வெஸ்டன் லோ தமிழர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

திரும்பும்போது அனந்தபத்மநாபன் காவிரிப் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார்.

“ஜாயின் பண்ணியிருப்பேன், வேதா. இன்னிக்கே பண்ணியிருப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் காப்பாத்தினான்.”

“வண்டியை ஓரமா நிறுத்துங்கோ.”

“ஏன்?”

“நிறுத்துங்கோன்னா.”

நிறுத்தினார். கீழே காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைவிட்டு இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வேதவதி சொன்னாள். மத்தியானங்களைச் சொன்னாள், அட்டைப்பெட்டியைச் சொன்னாள், டோனியைச் சொன்னாள், “டு” இல்லாத மெயின்கார்கேட்டைச் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுவே முதல் தடவை. முடித்ததும் அவர் முகத்தில் கோபம் வருமோ என்று பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் உனக்கு பெபிள்னா என்னன்னு சொல்லிக்குடுத்தேன்.”

“ஆமாம்.”

“சரியா சொன்னேனோ?”

“பெரும்பாலும் சரிதான். ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் தப்பு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். பாலத்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “ஏன் எங்கிட்ட சொல்லலை?” என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டார்.

“அது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு தோணித்து. வேற எதுவும் அப்படி இல்லை.”

அதற்கு அவர் தலையசைத்தார். பிறகு, “ஊரெல்லாம் சொல்லிடலாமா?” என்றார். ஆசையாகத்தான் கேட்டார்.

“வேண்டாம். தேடட்டும். நீங்க தெரிஞ்சுண்டது போதும்.”

மறுநாள் காலை வேதவதி சாப்பாட்டு மேசை மேலேயே, யாரும் பார்ப்பார்களோ என்ற எண்ணமே இல்லாமல், லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். மன்றத்தில் ஆயிரக்கணக்கான கேள்விகள் வந்து குவிந்திருந்தன. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், ஆணா, ஒரே ஆளா, கூட்டமா. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டே போனாள். அடியில் எங்கோ, நைரோபியிலிருந்து ஒரு மாணவி பெபிளின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, இது சரியா என்று கேட்டிருந்தாள். பல மாதங்களாக யாரும் பதில் சொல்லவில்லை.

வேதவதி அதை நிதானமாகப் படித்தாள். நல்ல வேலை. ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை இருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெஸ்டன் லோ பதில் எழுத ஆரம்பித்தாள்.